தோற்றால் வருவேன் என்றவனுக்கு

அன்பு மகன் இனியனுக்குச் சின்னமனூரிலிருந்து அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், அதனால் சுகம். நீ சுகமாக இருப்பது நீ போடுகிற வீடியோக்களிலேயே தெரிகிறது, தனியாகக் கேட்கவில்லை. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் காகிதம். முழுசாகப் படி.

பங்குனியில் நீ என்ன சொன்னாய்? உங்கள் ஜெர்மனி ஊர் கிளப் ஐரோப்பியக் கோப்பையில் காலிறுதிக்கு வந்திருக்கிறது, அதில் தோற்றுவிட்டால் சித்திரையிலேயே லீவு போட்டு வந்துவிடுகிறேன், நதியா மகள் கயலை மடியில் வைத்துக் காது குத்திவிடலாம் என்றாய். கயலுக்கு ஒரு வயசில் குத்தியிருக்க வேண்டிய காது. அப்போது விசா என்றாய், தாய்மாமன் நீ ஒருத்தன்தானே என்று காத்திருந்தோம். வைகாசி வந்தால் பிள்ளைக்கு நாலு வயசு, இரட்டைப்படையில் குத்தமாட்டோம் என்று உனக்குத் தெரியாதா? அந்த ஆட்டத்தில் உங்கள் ஆட்கள் ரெண்டு கோலில் தோற்றார்கள் என்றதும் உங்கப்பா சந்தோஷத்தில் அன்றைக்கே பெரியகுளம் போய் ஜோசியரைப் பார்த்துச் சித்திரைக் கடைசியில் முகூர்த்தம் குறித்துவிட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வடுகபட்டி கபடிப் போட்டிதான். அங்கே தோற்றவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். அதே ஆட்களோடு மறுவாரமும் ஆடவிட்டு, ரெண்டு ஆட்டத்துக் கோலையும் கூட்டிப் பார்ப்பார்கள் என்று அந்த மனுஷன் கனவா கண்டார்? நீ சொல்லியிருக்க வேண்டும். தேதியைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே சரிப்பா என்றாய். இவர்கள் எங்கே தேறப்போகிறார்கள் என்று உனக்கே நினைப்பு, அதனால்தான் சரி என்றாய். மறுவாரம் அவர்கள் மூணு கோல் போட்டு மேலே போனார்கள், பத்திரிகை சொந்தக்காரர் வீடெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு அரையிறுதியின் ரெண்டாவது ஆட்டம் நம் முகூர்த்த நாளிலேயே வந்து விழுந்தது. உடனே, வாழ்க்கையில் ஒரு தடவைதான் இப்படி வரும்மா என்கிறாய். கயலுக்குக் காது என்ன வருஷா வருஷமா முளைக்கும்?

அன்று காலை மேகமலை அடிவாரத்தில் நம் குலசாமி கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் கம்பத்திலிருந்து வேன் வைத்து வந்து இறங்கினார்கள். நீ வீடியோ காலில் வந்தாய். ஆட்டம் நடக்கிற ஊருக்குப் போகிற பஸ்ஸுக்குள் நீ நிற்க, பின்னால் ஒரு கூட்டம் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது. போனைப் பிள்ளைக்குப் பக்கத்தில் வையுங்கள், நான் உட்கார்ந்த மாதிரிதான் என்றாய். உங்கப்பா போனைப் பிடுங்கிக் கட் செய்துவிட்டார். காது குத்த வந்த ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டே, "தாய்மாமன் உசுரோடதான இருக்காக?" என்று கேட்டார். அவர் தொழிலில் அது கேட்க வேண்டிய கேள்வி, மாமன் இல்லாத பிள்ளைக்கு வேறு ஆள் மடி. அவர்மேல் குற்றமில்லை. ஆனால் அத்தனை பேருக்கு நடுவே உன்னைப் பெற்றவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். சம்பந்தி பிச்சையம்மாள், இருக்காக, பந்து பொறுக்கப் போயிருக்காக என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன் பெரியப்பா மகன் வேட்டியை மடித்துக்கொண்டு நான் உட்காருகிறேன் என்று வந்தான். நதியா வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே மணையில் உட்கார்ந்து, பிள்ளையைத் தன் மடியில் இருத்திக்கொண்டு, குத்துங்க என்றாள். தாய்மாமன் இடத்தில் தாயே உட்கார்ந்ததை நான் எங்கேயும் கண்டதில்லை. கயல் கத்தித் தீர்த்தாள், நதியா கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. நீ அனுப்பிய கம்மலை அவள் தொடவும் இல்லை. மாமியார் கொண்டுவந்த வளையத்தைத்தான் போட்டுவிட்டாள்.

உங்கள் டீம் பெனால்டியில் தோற்றதாம். மாப்பிள்ளை விஜயகுமார்தான் போட்டோவைக் காட்டினார். முகத்தில் பூசிய பச்சைச் சாயம் கரைந்து வழிய நீ படியில் உட்கார்ந்து அழுகிறாய். எனக்கு வயிறு எரிந்தது, பெற்ற வயிறு என்பதால் பதறவும் செய்தது, அந்தப் பதற்றத்தில் கோபம் இன்னும் கூடிவிட்டது. உன் பெயர்கூடத் தெரியாத பதினோரு பேருக்காக அத்தனை கண்ணீர். பந்து பார்ப்பதைத் தப்பென்று சொல்லவில்லை. தனியாகக் கிடக்கிற ஊரில் சேர்ந்து பாட நாலு பேர் கிடைத்தது உனக்குப் பெரிசு, எனக்கும் புரிகிறது. வர முடியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பெரியப்பா மகனை வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைத்திருப்போம், நதியாவும் சம்மதித்திருப்பாள். தோற்றால் வருவேன் என்று சொன்னாய் பார், அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். "அவன் எங்களப் பாக்க வர்றதுக்கு யாராச்சும் தோக்கணுமாம்மா?" என்று கேட்டாள். அதற்குப் பதிலை நீயே அவளிடம் சொல்.

திராட்சை இந்தத் தடவை மழையில் வெடித்துப்போனது, அப்பாவுக்கு முழங்கால் வலி, நீ கேட்கப்போவதில்லை என்பதால் நானே எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தொண்டை கட்டக் கத்தாதே. குலசாமி உன் கூடவே இருக்கட்டும், என் கோபம் உன்னை அண்டாது. ஒன்று மட்டும் நினைப்பில் வை. கயலுக்கு இனித் தாய்மாமனைத் தேடுகிற சடங்கு அவள் பெரியவளாகும்போதுதான், அதற்கு எத்தனையோ வருஷம் கிடக்கிறது. அதுவரை காத்திருக்காமல், ஒரு விசேஷமும் இல்லாத சாதாரண நாளில் வந்து நதியா வீட்டு வாசலில் நில். கதவைத் திறப்பாளா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
திட்டிக்கொண்டே உன்னை ஆசீர்வதிக்கும் அம்மா,
உமாதேவி