பதினாலாவது மாடிப் பெயின்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம்பா. நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா? அம்மா தைலம் தேச்சு விடறாங்களா?

இந்த ஒரு வருஷம் நான் தங்கிப் படிக்கற வீட்டுக்காரங்க, போன சனிக்கிழமை பெரிய நகரத்தைச் சுத்திக்காட்டக் கூட்டிட்டுப் போனாங்க. அண்ணாந்து பாத்தே கழுத்து சுளுக்கிக்கிச்சு. ஒரு கட்டடத்துல பதினாலாவது மாடி உயரத்துல, கயித்துல தொங்கற பலகையில உக்காந்து ஒருத்தர் பெயின்ட் அடிச்சிட்டிருந்தார்.

"ஐயோ பாவம், என்ன பொழப்போ!"ன்னாங்க வீட்டம்மா. அதே மூச்சுல, "உங்கப்பா என்ன வேலை பாக்கறார்?"னு கேட்டாங்க.

"கட்டடக் கம்பெனியில"ன்னு சொல்லிட்டேன். பொய் இல்லதான். ஆனா அதுக்கப்புறம் வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம் கையிலயே உருகி வழிஞ்சிடுச்சு.

அந்தப் பெயின்டர் மேலேருந்து பிரஷ்ஷை ஆட்டினார். வீட்டம்மாவோட சின்னப் பொண்ணு குதிச்சுக் குதிச்சு டாட்டா காட்டினா. நான் கையைத் தூக்கலப்பா. ஸ்கூல் விட்டு வர்றப்ப நீங்க மேலேருந்து பிரஷ்ஷை ஆட்டினா, தெருவே வேடிக்கை பாக்க ரெண்டு கையையும் ஆட்டுவேனே, அதே நான்தான்.

நீங்க பலகையில உக்காந்திருக்கற போட்டோ ஒண்ணு அனுப்புங்க. பிரஷ்ஷைத் தூக்கிப் பிடிச்சிருக்கணும். இங்க ஃப்ரிட்ஜ் கதவுல, எல்லார் கண்ணுலயும் படற மாதிரி ஒட்டப்போறேன். யாருன்னு வீட்டம்மா கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன். போட்டோவுக்காகப் பழைய கயித்துல மட்டும் ஏறிடாதீங்க. மேஸ்திரிகிட்ட சண்டை போட்டாவது புதுசு வாங்குங்க.

பஸ் வந்துடுச்சு. இதோட முடிச்சுக்கறேன்.

இப்படிக்கு,
பெயின்டர் பொண்ணு