வண்டிக்கு எது இடது

மதினிக்கு,

முதலில் பிள்ளைகள் சேதி. அதைச் சொல்லாமல் வேறு எதைத் தொடங்கினாலும் உங்களுக்குக் காது கேட்காது.

நம் பேரன் அருண் மாவட்ட ஹாக்கி அணியில் சேர்ந்துவிட்டான். முன்வரிசையில் ஆடுகிறானாம். கோவில்பட்டி மைதானத்தில் அவன் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கவே ஆட்கள் நிற்கிறார்கள் என்று உங்கள் மருமகள், என் மகள் சொன்னாள். பெங்களூரில் இருக்கிற என் மகனுடைய சின்னப் பெண், தமிழே வாயில் நுழையாது என்று நீங்கள் கேலி பண்ணுவீர்களே, அவள் பள்ளிக்கூடத்தில் தமிழிலேயே பேசி முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். நம் பவித்ரா இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள், கணக்கில் வகுப்புக்கே முதல். அது எங்கள் பக்கத்துப் புத்தி என்று நான் சொல்லி, இல்லை எங்கள் பக்கத்துப் புத்தி என்று நீங்கள் சொல்ல வேண்டிய இடம் இது. நீங்கள் இல்லாததால் நானே இரண்டையும் எழுதிக்கொள்கிறேன்.

பவித்ரா லீவுக்கு வந்து என்னோடு நாலு நாள் இருந்துவிட்டு இன்று காலை பஸ் ஏறினாள். போவதற்கு முன்னால் கூடத்தில் உட்கார்ந்து தன் பொம்மைப் பந்தயக் காருக்குப் புது டயர் மாட்டினாள். அந்த ரப்பர் வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. சோறு வடித்தேன், கஞ்சி வாசனைக்கும் மேலே அது நிற்கிறது. உங்கள் வீட்டு நடு அறையில் அந்தப் பெட்டியைப் பிரித்த அன்றைக்கு வந்த அதே வாசனை. அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டியை அனுப்பியவன் என் மகன். அப்போது ஒன்பதாம் வகுப்புப் படித்த பவித்ரா மாமனிடம் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பேட்டரியில் ஓடுகிற கார், கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றே ஓட்டலாம். ஆனால் காராக வரவில்லை. பை பையாகத் துண்டுகள், உளுந்தளவு ஸ்குரு, எள்ளளவு வளையம், படம் போட்ட புத்தகம் ஒன்று. மதுரையில் ஒரு கல்லூரி மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்தயம் வைத்திருந்தார்கள். தானே கோத்த கார்தான் ஓடலாம் என்பது அங்கே சட்டம். பெட்டி வந்த அதே வாரம் பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. பந்தயத்துக்குள் கட்டைப் பிரித்துவிடுவார்கள், ஆனால் அதுவரை கார் கோக்க விரல் கிடையாது. பிள்ளை சொல்லச் சொல்ல வேறு ஆள் முடுக்கலாமா என்று மாமன்காரன் கேட்டதற்கு, சொல்வது பிள்ளையாக இருந்தால் சரி என்று விட்டார்கள். அம்மாவும் அப்பாவும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். மகள் என்னை வரச் சொன்னாள். வீட்டில் நீங்கள் இருந்தீர்கள்.

நாம் இருவரும் பேசிக்கொள்ளாத காலம் அது. பவித்ராவுக்கு எத்தனை வயசோ, அதைவிட ஒரு வயசு கூட அந்தப் பேசாமைக்கு. தலைப்பொங்கலுக்கு நாங்கள் சீர் கொண்டுவந்தபோது, தெருப் பெண்கள் கூடியிருந்த இடத்தில் வைத்து நீங்கள் சொன்னீர்கள்: “மஞ்சக்குலை வாடிப்போயில்லா வந்திருக்கு.” அவ்வளவுதான். நான் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியேறினேன். அதன் பிறகு பிள்ளை பிறந்தது, பேர் விட்டோம், காது குத்தினோம், அருணும் பிறந்தான். எல்லாவற்றிலும் இருவரும் இருந்தோம். ஒரு வார்த்தை இல்லை.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதை எப்படி நடத்தினோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நீங்கள் அடுப்பைப் பார்த்து, புளிக்குழம்புக்கு இவ்வளவு உப்பு எதற்கு என்று கேட்பீர்கள். நான் அரிவாள்மனையைப் பார்த்து, சிலருக்கு நாக்கு செத்துப்போனால் நான் என்ன செய்ய என்பேன். அடுப்பும் அரிவாள்மனையும் நம்மால் பட்ட பாடு கொஞ்சமில்லை. கார் வேலை தொடங்கியதும் அந்தப் பாடு பவித்ராவுக்கு வந்தது. “ஏட்டி, அந்த ஆணிய இங்கன தள்ளச் சொல்லு உங்க ஆச்சிகிட்ட” என்பீர்கள் நீங்கள். “அப்பாச்சிகிட்ட சொல்லுட்டி, திருப்புளி அவிய மடியிலதான் கெடக்கு” என்பேன் நான். பிள்ளை கட்டிலில் சாய்ந்து, மாவுக்கட்டைத் தலையணையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணியது.

ஸ்குரு உருண்டு போகாமல் இருக்க அரிசி புடைக்கிற சுளகுக்குள் வைத்து வேலை செய்தோம். அது நீங்கள் செய்த யோசனை, நல்ல யோசனை. அன்றைக்கு நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. சுளகின் அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். முன்சக்கரத்து வேலையெல்லாம் உங்களுக்கு, பின்சக்கரத்து வேலை எனக்கு என்று பவித்ரா பிரித்துக் கொடுத்துவிட்டாள். யார் கை யார் மேலும் படாமல் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஒருநாள் அந்த எள்ளளவு வளையம் ஒன்று துள்ளிப்போய், பக்கத்தில் புடைத்து வைத்திருந்த உளுந்துக்குள் விழுந்தது. கறுப்பு உளுந்தில் கறுப்பு வளையம். இருவரும் குனிந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பொறுக்கினோம். நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். வளையத்தை என் கையில் கொடுக்காமல் பிள்ளை கையில் வைத்து, பிள்ளை அதை என் கையில் வைத்தது. இன்னொரு நாள் பல்சக்கரம் இரண்டுக்கும் நடுவில் காகிதம் நுழையும் இடைவெளி விட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. என் முந்தானையில் முடிந்திருந்த பஸ் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். அதை வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, சரியாக இருந்ததும், நீங்கள் என்னைப் பார்க்காமலேயே தலையை ஆட்டினீர்கள். அந்தத் தலையாட்டலை நான் ராத்திரி நினைத்துக்கொண்டேன்.

கார் முடிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், வெயிலில் இறுகிக் கிடந்த கரிசல் தரையில் இறக்கிவிட்டோம். இடது கையால் ரிமோட்டைத் தட்டுத் தடுமாறிப் பிடித்து பவித்ரா அழுத்தினாள். கார் நேரே போகவில்லை. தலையை அங்கும் இங்கும் திருப்பியது, பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்தது. தூக்கி வைத்தால் மறுபடியும் அதே. சாயங்காலம் வரை பார்த்தாள். பிறகு உள்ளே போய் மாமனுக்குப் போன் போட்டு, பந்தயத்திலிருந்து என் பேரை எடுத்துவிடுங்கள் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. “ரெண்டு பேரும் பேசாம இருந்துக்கிட்டு எனக்கு ஒத்தாசை பண்ணவே வேண்டாம்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நான் பையைக் கட்டிவிட்டேன். பிள்ளைக்கு உதவ வந்து பிள்ளை மனசைக் கெடுத்ததுதான் மிச்சம், ஊருக்குப் போவோம் என்று நினைத்தேன். நடு அறையைத் தாண்டும்போது நீங்கள் சுளகில் காரை மல்லாத்தி வைத்துக்கொண்டு, முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். தலையைத் தூக்காமல் கேட்டீர்கள்.

“மதினி, உங்களுக்கு எது இடது?”

அந்த அறையில் அடுப்பு இல்லை, அரிவாள்மனை இல்லை. பிள்ளை உள்ளறையில் தூங்கியது. என்னைத்தான் கேட்டீர்கள். என்னைவிட மூத்தவர், மாப்பிள்ளை வீட்டுக்காரர், முதலில் வாய் திறந்தது நீங்கள். பையைக் கீழே வைத்துவிட்டு இடது கையைத் தூக்கிக் காட்டினேன். எதிரே உட்கார்ந்தபடி நீங்கள் உங்கள் இடது கையைத் தூக்கினீர்கள். இரண்டு கையும் இரண்டு பக்கம் நின்றது.

அப்போதுதான் விளங்கியது. முன்சக்கரத்தைத் தாங்குகிற துண்டில் இடது, வலது என்று தனித்தனி உண்டு. காரின் மூக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்த நீங்கள், பிள்ளை இடது என்று சொன்னதை உங்கள் இடது கைப் பக்கம் மாட்டிவிட்டீர்கள். நான் வால் பக்கம் இருந்ததால் என்னுடையது தானாகச் சரியாக விழுந்துவிட்டது. என் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. இருவரும் ஒரு தடவை, இதுதானே இடது என்று கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும்.

“அப்ப எது சரி?” என்றீர்கள்.

எங்கள் ஊரில் வண்டி மாட்டுக்குத் தீவனம் வைக்க முன்னால் போய்த்தான் நிற்போம். அதற்காக இடத்து மாடு வலத்து மாடு ஆகிவிடாது. “வண்டிக்காரன் எங்க உக்காருவான் மதினி? அவன் பக்கம்தான் வண்டிக்கு இடது” என்றேன். நீங்கள் திருப்புளியை எடுத்து ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினீர்கள். நான் எதிர்ப்பக்கம் போகாமல் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்குருவை வாங்கிக்கொண்டேன். பாதி வேலையில் கையை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள்.

“அன்னைக்கு பஸ்ஸுல வெயில் அடிக்கிற பக்கமா உக்காந்து வந்தீய?”

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. “எட்டயபுரத்துல ஏறினதுல இருந்து வெயில்தான். மஞ்சக்குலைய மடியிலதான் வச்சிருந்தேன். சேலையப் போட்டு மூடிப் பாத்தேன்” என்றேன்.

“இங்கன நிழல்ல நின்னவளுக்கு அது தெரியலையே” என்றீர்கள். அதற்குமேல் அந்தப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. துண்டுகளை மாற்றி மாட்டினோம். பவித்ரா எழுந்து வந்தபோது நாம் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம், புளிக்குழம்பு உப்பைப் பற்றி, நேருக்கு நேர். அது வாசலிலேயே நின்று, முதலில் காரைப் பார்க்கவில்லை. நம்மைத்தான் பார்த்தது.

கார் நேரே ஓடியது. பேரை எடுக்க வேண்டாம் என்று பிள்ளை மாமனுக்கு மறுபடி போன் போட்டது. கட்டுப் பிரித்ததும் மதுரைக்கு மூன்று பேரும் போனோம். பரிசு ஒன்றும் வரவில்லை. மண்மேட்டில் தாவி ஒருதரம் கவிழ்ந்து, யாரோ தூக்கிவைத்து, கடைசிக்கு முன்னால் வந்து சேர்ந்தது. நீங்களோ டீக்கடைக்காரரிடமும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும், “முன்சக்கரம் நான் மாட்டினது, பின்சக்கரம் எங்க மதினி மாட்டினது” என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் போன். ஊரில் பேசுவதற்கு எனக்கு ஆளா இல்லை? ஆனால் என் பேத்தியைப் பற்றி நான் பெருமை பேசினால் மற்றவர்கள் மரியாதைக்குக் கேட்பார்கள், கொஞ்ச நேரத்தில் அவரவர் பேத்திக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு மட்டும் அது பத்தாது. இன்னும் சொல்லுங்கள் என்பீர்கள். நான் விட்டதை எடுத்துக்கொடுத்து, நான் சொன்னதற்கு மேலே ஒரு படி ஏற்றுவீர்கள். அதே பிள்ளை மேல் அதே அளவு பேராசை உள்ள இன்னொரு ஆள் எனக்கு இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட உடம்பைப் பற்றிப் பேசவிடவில்லை. பிள்ளைகள் சேதி கேட்டீர்கள். சொல்லி முடித்தேன். கண்ணை மூடிக்கொண்டே, “அருண விட்டுட்டீயளே” என்றீர்கள். அதனால்தான் இன்றைக்கு அவனை முதலில் எழுதினேன்.

போன மாசம் என் மருமகள் பெங்களூரிலிருந்து போனில் வெடுக்கென்று ஒன்று சொன்னாள். பழைய நானாக இருந்தால் அதை வைத்துப் பத்து வருஷம் ஓட்டியிருப்பேன். “எங்க நிக்க தாயி இப்ப?” என்று கேட்டேன். மழையில் பஸ் ஸ்டாப்பில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் அத்தை என்றாள். சரி, வீடு போய்ச் சேர்ந்து பேசு என்று வைத்துவிட்டேன். ராத்திரி அவளே கூப்பிட்டு வெகுநேரம் பேசினாள். இதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் உங்களிடமிருந்துதான் வந்தது.

அடுத்த மாசம் பவித்ராவுக்குக் கோயம்புத்தூரில் பந்தயம். இப்போது அவளே ஒரு பெண்பிள்ளைக் கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு கார் கோக்கிறாள். நாளைக்குத் தபாலில் போட அவளுக்கும் ஒரு கார்டு எழுதி வைத்திருக்கிறேன், அதில் எழுதியதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஏட்டி பவித்ரா, பந்தயம் முடிந்ததும் புதுப் போட்டோ எடுத்து, கழுவி, தபாலில் அனுப்பு. போனில் வந்தால் என் விரல் பட்டு ஓடிவிடுகிறது. ரெண்டு போடு, ஒன்று எனக்கு, ஒன்று உங்க அப்பாச்சி படத்துக்குப் பக்கத்தில் வைக்க. எப்போதும் காரை மட்டும் எடுத்து அனுப்புகிறாய். இந்தத் தடவை நீயும் கூட நின்று, முகம் தெரிகிற மாதிரி எடு.