உள்ளே ஓரங்குலம்

பேர்ண், சுவிஸ்
05.02.2025

அன்பு மச்சாளுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி தர்சினி எழுதுகிறேன். இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். நீங்களும் உங்கள் அவர் தவராசா அண்ணையும் உங்கள் மகள், என் மருமகள் யதுர்ஷிகாவும் ஒரு குறையுமில்லாமல் இருக்கவேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். உங்கள் போனுக்கு ஒரு குரல்பதிவு போட்டால் அது குசினியைத் தாண்டி வயல்வரை கேட்கும். இது உங்களுக்கு மட்டும்.

யதுர்ஷிகாவுக்கு ஆவணியில் கலியாணம் என்று இவர் சொன்னார். வர ஆசை. ஆனால் உங்கள் முகத்தில் முழிக்க முதல் ஒன்றைச் சொல்லியாகவேண்டும்.

எட்டு வருஷத்துக்கு முன் இங்கே எங்கள் சொந்தக்காரப் பெடியன் சுமனின் கலியாணத்துக்கு எனக்குச் சாறிச் சட்டை தைத்து அனுப்பினீர்கள். நான் கடதாசியில் நெஞ்சளவு முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தேன். நீங்கள் கையிலிருந்த என் பழைய அளவுச் சட்டையை நம்பி முப்பத்துநாலுக்குத் தைத்தீர்கள். கலியாணத்தன்று காலையில் கொக்கி பூட்டவே முடியவில்லை. மண்டபத்தில் அத்தனை சனத்துக்கு முன்னால், “மச்சாள் சட்டையைப் பழுதாக்கிப்போட்டா” என்று சொன்னேன்.

மச்சாள், உங்கள் கையில் ஒரு பிழையும் இல்லை. அதற்கு முந்தின வருஷம் நான் ஒப்பரேசன் செய்து நெஞ்சில் சிலிக்கோன் பை வைத்திருந்தேன். இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுத்து முடிய நெஞ்சு வற்றிப்போயிருந்தது. ஒருவரும் சொல்லிச் செய்யவில்லை, நானாக ஆசைப்பட்டுச் செய்தது. அதை வெளியில் சொல்ல வெட்கம். பழியை உங்கள்மேல் போட்டுவிட்டேன்.

இப்போது முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இருத்துகிற வேலை. தோளும் கழுத்தும் விண் விண்ணென்று வலிக்கின்றன. ஏப்ரலில் பையை மாற்றிச் சின்னதாக வைக்கப்போகிறார்கள். முழுக்க எடுத்துவிடச் சொல்லாதையுங்கோ. வடிவு எனக்குப் பிடித்திருக்கிறது, பாரம்தான் பிடிக்கவில்லை.

கலியாணத்துக்கு நீங்கள் தைத்த சட்டையைத்தான் போட ஆசை. தைப்பீர்களா?

உங்கள் பதிலுக்குப் பயந்துகொண்டிருக்கும்,
தர்சினி

அக்கராயன்
03.03.2025

தர்சினிக்கு,

கடிதம் கிடைத்தது. வாசித்து முடியப் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

எட்டு வருஷம்! உமக்கு இரக்கமே இல்லையா? உம்முடைய அளவுச் சட்டையை எத்தனை தரம் திருப்பித் திருப்பி அளந்திருப்பேன் தெரியுமா? நாடா பிழையாக்கும் என்று புது நாடா வாங்கினேன். கண் பிழையாக்கும் என்று கிளிநொச்சிக்குப் போய்க் கண் காட்டினேன். “கண் நல்லாத்தானே இருக்கு, ஏனம்மா வந்தனீங்கள்?” என்று டொக்டர் கேட்டார். கடதாசியில் முப்பத்தெட்டைக் கண்டபோது, பிள்ளை அவசரத்தில் மாறி எழுதிப்போட்டாள் என்றல்லவா நினைத்தேன்! சுவிஸ், பிரான்ஸ் ஆட்கள் அதோடு எனக்குக் கலியாணச் சட்டை தைக்கத் தருவதை விட்டார்கள். இப்போது பள்ளிக்கூட யூனிபோமும் தலையணை உறையும் தைக்கிறேன்.

நீர் ஒப்பரேசன் செய்ததில் எனக்குக் கோபமில்லை. உம்முடைய உடம்பு, உம்முடைய விருப்பம். ஆனால் பழியை மண்டபத்தில் வைத்துச் சொன்னீர், மன்னிப்பை மட்டும் ஒட்டின உறைக்குள் அனுப்புகிறீர். இது எந்த ஊர் நியாயம்? சட்டைக் கதையை என்னோடு கதைக்கவேண்டாம்.

கமலேஸ்வரி

பி.கு. சின்னப் பை வைத்தால் மிச்சத் தோலை என்ன செய்வார்களாம்? சட்டையில் சுற்றளவைக் குறைத்துவிட்டு, நெஞ்சுக்குக் கீழே மடித்துத் தைக்கிற பிடிப்பை முந்தி இருந்தபடியே விட்டால் தொளதொளவென்று நிற்கும். பிடிப்பையும் மாற்றிப் பிடித்தால்தான் அதே வடிவு வரும். உம்முடைய டொக்டருக்கு இது தெரியுமோ என்று கேளும்.

பேர்ண்
29.03.2025

அன்பு மச்சாளுக்கு,

நீங்கள் ஏசி எழுதியதைக்கூட நாலு தரம் வாசித்தேன். எழுதினீர்களே, அதுவே பெரிய ஆறுதல்.

உங்கள் கேள்வியை டொக்டரம்மாவிடம் அப்படியே கேட்டேன். அவ பேனையைக் கீழே வைத்துவிட்டு, “உங்கட மச்சாளும் சத்திரசிகிச்சை செய்யிறவவோ?” என்றா. தையல்காரி என்றேன். நீங்கள் சொன்னது சரிதானாம். பை இருக்கிற இடத்தை உள்ளே தையல் போட்டுச் சுருக்கி, மிச்சத் தோலை எடுத்து இழுத்துத் தைப்பார்களாம். உடம்புக்கு ஒத்துவருகிற அகலத்தில் சின்னதாக ஒன்றைத் தெரிந்தெடுத்தால் வடிவு கிட்டத்தட்ட இப்போது போலவே வருமாம். அச்சொட்டாக அதே என்று வாக்குத் தரமாட்டா, தழும்பும் இருக்கும் என்றா. ஏப்ரல் பத்தாம் திகதி நாள் தந்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

நீங்கள் கேட்ட நியாயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஆட்களுக்கு முன்னால் சொல்ல மட்டும் கேட்காதையுங்கோ. எங்கள் சனத்தின் வாய் உங்களுக்குத் தெரியும்தானே. வேறு என்ன சொன்னாலும் செய்கிறேன்.

அன்புடன்,
தர்சினி

பேர்ண்
19.05.2025

மச்சாள்,

நான் எழுதி ஏழு கிழமையாகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. இன்னும் பாரம் தூக்கக்கூடாது, இரவு பகலாக இறுக்கமான பிரா ஒன்றைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். ஆனால் தோள் லேசாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அளவாக, வடிவாக இருக்கிறேன். உங்களுக்குத்தான் முதலில் சொல்லவேண்டும்போல் இருந்தது.

முந்தநாள் சுமனின் மகளுக்குப் பிறந்தநாள். யதுர்ஷிகாவின் கலியாணக் கதை வந்தது. சுமனின் மனைவி ஜெயரூபி, “ஊரிலை மட்டும் சட்டை தைக்கக் குடுத்திடாதையுங்கோ, பிறகு கொக்கி பூட்டாது” என்று பகிடி விட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எட்டு வருஷமாக நானும் அதற்குச் சிரித்தவள்தான். அன்றைக்கு முடியவில்லை. கேக் தட்டோடு எழும்பி, “சட்டையிலை ஒரு பிழையும் இல்லை. நான் ஒப்பரேசன் செய்து நெஞ்சைப் பெருப்பிச்சனான், மச்சாளுக்குச் சொல்லேல்லை. இப்ப சின்னனாக்கியும் போட்டன். பிழை முழுக்க என்ரை” என்று சொல்லிவிட்டேன்.

தட்டுச் சரிந்து கேக் நிலத்தில் விழுந்தது. உங்கள் தம்பி எழும்பி வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரத்தால் ஜெயரூபி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். டொக்டரின் நம்பர் கேட்டாள்.

சட்டை தைக்காவிட்டாலும் பரவாயில்லை. கலியாணத்துக்கு நான் வரலாமா என்று மட்டும் எழுதுங்கோ.

தர்சினி

அக்கராயன்
09.06.2025

என் அன்பு மச்சாள் தர்சினிக்கு,

கோபத்தில்தான் எழுதாமல் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன். உம்முடைய கடிதம் வர முதலே ஜெயரூபி போன் எடுத்து என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். நீர் சொன்னது சரி, வயல்வரை கேட்டது. இவர் சிறுபோக நெல்லு வயலுக்குத் தண்ணி கட்டிக்கொண்டு நின்றவர், மண்வெட்டியோடு ஓடிவந்து, “என்னப்பா, தர்சினிக்கு என்னவாம்?” என்றார். “பாரம் குறைஞ்சிட்டுதாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிறகு கடிதம் வந்தது. கேக் தட்டோடு எழும்பி நின்ற உம்மை நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அந்தச் சனத்துக்கு முன்னால் நானென்றால் வாய் திறந்திருக்கமாட்டேன். பிரான்ஸிலிருந்து இரண்டு பேர் துணி அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். பெரிய கத்தரிக்கோலைத் தீட்டக் கொடுத்திருக்கிறேன்.

வரலாமா என்று கேட்கிறீர். விசரே உமக்கு? மாமி இல்லாமல் என் பிள்ளைக்குக் கலியாணமா? என் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாரும். எல்லாம் தெரிந்தும் எட்டு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவர், அவருக்கு நான் தனியாக வைத்திருக்கிறேன்.

சட்டைக்குக் கடதாசியில் அளவு அனுப்பவேண்டாம். உம்முடைய பழைய அளவுச் சட்டையைப் பிரித்து மெசின் துடைக்க எடுத்துவிட்டேன். கலியாணத்துக்குப் பத்து நாள் முன்னதாக வந்து என் முன்னால் நில்லும், நானே நாடா பிடித்து அளக்கிறேன். வீக்கம் முழுக்க வற்ற மாதக்கணக்காகும் என்று இங்கே ஒரு நேர்ஸ் பிள்ளை சொன்னாள். அதனால் உள்ளே ஓரங்குலம் துணி விட்டுத்தான் தைப்பேன். எந்த உடம்பும் ஒரே அளவில் நிற்காது மச்சாள். இனிமேல் கூடினாலும் குறைந்தாலும் முதலில் எனக்குச் சொல்லும்.

நாடாவோடு காத்திருக்கும்,
கமலேஸ்வரி மச்சாள்