உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு கறக்கிறேன்

மகள் வீட்டில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதருக்கு,

மூத்தவன் மகள் மாட்டு டாக்டர் படிப்பில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் மகன் நீச்சலில் கோப்பை வாங்கிவிட்டான். உங்கள் பேரப்பிள்ளைகள்தான், மறந்துவிடப் போகிறீர்கள்.

உங்கள் அப்பா தலையில் சுமந்துபோய்ப் பால் ஊற்றினார். நீங்கள் சைக்கிளில் கேன் கட்டி வீடு வீடாக ஊற்றினீர்கள். முழங்கால் தேய்ந்துபோன பிறகு, வாசலுக்கு வரும் சொசைட்டி வேனில் ஊற்றிவிடலாம் என்று நான் சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா? "என் மாட்டுப் பால ஊர்ப் பாலோட கலக்கவா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

மாட்டுக்கு யார் சொல்வது? என்னைக் கண்டாலே பாலை அடக்கிக்கொள்கிறது. உங்கள் பழைய சட்டையைப் போட்டு, உங்களைப் போலவே இருமிக்கொண்டு உட்கார்ந்தால்தான் சுரக்கிறது.

வேன்காரன் சிரிக்கிறான். "என்ன பாட்டி, தாத்தா வேஷமா?"

"வேஷம் கட்டவும் நான்தான், அவர்கிட்ட திட்டு வாங்கவும் நான்தான். போடா!"

அந்தச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை. வாசனை போய்விடுமே. மாட்டுக்காகத்தான் சொல்கிறேன்.

வேனில் ஊற்றுவதை நிறுத்த மாட்டேன். வருவதானால் வாருங்கள். இல்லாவிட்டால் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடுங்கள். இங்கே மாட்டியிருப்பதில் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

உங்களையும் உங்கள் மாட்டையும் கட்டி மேய்க்கும்
வீட்டுக்காரி