ஆறாத கடல்

என்னங்க,

நீங்கள் எழுவதற்குள் வானிலை ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. விடியற்காலை வந்து சமைத்த சாப்பாட்டை அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். இன்றும் வீடு திரும்ப மாட்டேன். என் முகமே உங்களுக்கு மறந்துவிடும் போலிருக்கிறது.

நேற்றுவரை சாதுவாகக் கிடந்த காற்றழுத்தத் தாழ்வு ஒரே ராத்திரியில் பெரும் புயலாகிவிட்டது. முன்பெல்லாம் புயல் கடலைக் கலக்கினால் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். அதிலேயே அதன் வேகம் கொஞ்சம் அடங்கும். இப்போது வருஷத்துக்கு வருஷம் சூடு ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு கலக்கினாலும் வெந்நீர்தான் வருகிறது. தானாக ஆறிவிடும் என்று இனி காத்திருக்க முடியாது.

கரையோரம் முழுக்கக் காலி செய்யச் சொல்லிவிட்டோம். அங்கே இருக்கும் நம் மகளுக்கும் போன் செய்தேன்.

"போன தடவையும் இதேதாம்மா சொன்னீங்க. மூட்டை கட்டிட்டு ஓடுனோம், ஒரு தூறல்கூட விழல" என்று சிரித்தாள். நம் வீட்டுக்கு வா என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"அது அப்பா வீடும்மா. அவர் கூப்பிடட்டும், வர்றேன்."

பின்னால் குழந்தை அழுதது. நீங்கள் இன்னும் பார்க்காத குழந்தை.

மாப்பிள்ளையைப் பற்றி நான் எதுவும் பேசப்போவதில்லை. எனக்குத் தெம்பில்லை.

பின்னறைக் கட்டிலில் துவைத்த விரிப்பு போட்டிருக்கிறேன். அங்கிருந்து பஸ் மத்தியானத்தோடு சரி. ஒரு கடற்கரைக்கே எச்சரிக்கை கொடுத்துவிட்டேன். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

அவள் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் போனில் அதை அழித்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் கேலி செய்யும்
புயல்காரி