உன் காலுக்கு முன்னால் என் நெஞ்சு

நண்பா, நேற்று ஸ்கேன் அறையில் சாய மருந்து ஏறியதும் தொண்டையில் தொடங்கி அடிவயிறுவரை சூடு பரவியது. வருடாவருடம் வரும் சூடுதான். வெளியே பெஞ்சில் நீ இல்லாதது இதுதான் முதல் தடவை.

விபத்து நடந்த அன்றைக்கு பைக்கை ஓட்டியவன் நான், பின்னால் நீ. ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் முடிந்து காஞ்சிபுரம் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, அதன் மேல் மோதினோம். நீ தெறித்து விழுந்தாய். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றியதே நான்தான்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். முதுகு வலிக்கிறதென்று நான் சுவரில் சாய்ந்ததை நீ மட்டும் பார்த்தாய். ஸ்ட்ரெச்சரில் உன்னை ஸ்கேன் அறைக்குள் தள்ளியபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாய்.

“எனக்குக் கால்தான் சார். அவன் நெஞ்சு ஹேண்டில்ல மோதுச்சு. எப்படி வேர்த்துக்கினு நிக்கிறான் பாருங்க. அவன மொதல்ல பாருங்க.”

“எனக்கு ஒன்னுமில்லபா” என்றேன்.

“நீ சும்மா இருடா!”

என்னைத்தான் முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். என் இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்திருந்தது. வெளிச்சுவர் மட்டுமே ரத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் எந்த நேரமும் உடைந்திருக்கும் என்றார் டாக்டர். சென்னைக்குக் கொண்டுபோய், நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாக ஒரு வலைக்குழாயைச் செலுத்திக் கிழிசலுக்கு உட்புறம் விரித்துவிட்டார்கள். நான்காம் நாள் எழுந்து நடந்தேன். உன் கால் மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சரியாக ஊன்ற வரவில்லை.

மன்னிப்புக் கேட்கத் திருப்பருத்திக்குன்றத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். பேசவே விடவில்லை. “லாரிக்காரன் பிரேக் போட்டா நீ என்னாடா பண்ணுவ? துன்னுட்டுப் போ” என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாய். அதன்பின், குழாய் சரியாக இருக்கிறதா என்று வருடாவருடம் எடுக்கும் என் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் தாங்கித் தாங்கி நடந்து கூட வந்தாய். போன ஆடியில் மஞ்சள் காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது.

சென்ற மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பைக் விபத்து. பின்னால் இருந்தவனைச் சுற்றிக் கூட்டம். ஓட்டியவன் சட்டையைத் தட்டிக்கொண்டு, “நெஞ்சுல லேசாத்தான்ணா அடி, ஒன்னுமில்ல” என்று நகர்ந்தான். கையைப் பிடித்து ஆம்புலன்ஸில் ஏற்றி, நானும் ஏறிக்கொண்டேன். ஸ்கேன் எடுக்கும்வரை விடவில்லை.

அவனுக்கு நிஜமாகவே ஒன்றுமில்லை. “அரை நாள் வீணாப்போச்சு” என்று என்னைத் திட்டிக்கொண்டே போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.