மண்டியில் இன்னும் நீதான் கூப்பிடுகிறாய்

நித்யா கண்ணு, என் தங்கமே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்க முடியாத கடிதம் இது. அதனால் திட்டுவதிலிருந்தே தொடங்குகிறேன். காய்ச்சல் விட்டதும் வாரேன்க்கா என்று சொல்லிவிட்டுத்தானே லீவு போட்டாய்? கடைசிவரை அந்தக் காய்ச்சல் உன்னை விடவே இல்லையே. பீளமேட்டு ஆபீசில் உன் நாற்காலியை இன்னும் யாரும் நகர்த்தவில்லை. புதிதாக வந்த பெண் அதில் உட்காரப் போனபோது, நான் காரணமே இல்லாமல் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

இப்போது ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நீ இழுத்துவைத்ததுதான். உனக்கு வேலை தெரியும், இதை வேறு யாராவது படித்தால் புரியட்டும் என்று கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

கடைக்காரர்களுக்காக நாம் கட்டுகிற இணையப் பக்கம் சின்னச் சின்னப் பகுதிகளால் ஆனது. ஆர்டர் ஒரு பகுதி, சரக்கு இருப்பு ஒரு பகுதி, பில் ஒரு பகுதி. ஒவ்வொன்றும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வம்பில்லை. ஆனால் சிலது தன் எல்லைக்கு வெளியேயும் கை நீட்டும். ஒன்று பக்கம் முழுவதையும் நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும், ஒன்று சத்தம் எழுப்பும். திரையை விட்டுப் போகும்போது நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போ என்று நாம்தான் எழுதிவைக்க வேண்டும். மறந்தால் பகுதி போய்விடும், கை மட்டும் அங்கேயே இருக்கும்.

இப்படிக் கை நீட்டுகிற நிரல் வரிக்கு மேலே எழுதியவர் பெயரைப் போட வேண்டும், அவர்தான் அதை எடுக்க வேண்டும் என்று டீமில் சட்டம் கொண்டுவந்தவளே நீ. ஒருமுறை பிரபு வேறொருவர் வரியை எடுக்கப் போய், பில் பக்கமே அசையாமல் நின்றுவிட்டது. அவன் டீம் லீட் என்றுகூடப் பார்க்காமல் அன்றைக்கு நீ ஆடின ஆட்டம்! "போட்டவங்கதானுங்க எடுக்கோணும். அடுத்தவங்க ஊட்டு லைட்ட நீங்க எதுக்குங்க அணைக்கறீங்க?"

இவ்வளவு பேசினவள், புது ஆர்டர் வந்தால் ஒலிக்க மணிச் சத்தம் தயாராகவில்லை என்று உன் குரலையே போனில் பதிந்து வைத்தாய். "ஏனுங்க, ஆர்டர் வந்திருக்குதுங்க!" சோதனைக்கு வைத்தது தவறிப்போய்க் கடைகளுக்கே போய்விட்டது. நாம் பயந்துகொண்டிருக்க, கிணத்துக்கடவு தேங்காய் மண்டிக்கார ராமசாமி அண்ணன் போன் செய்து நல்லா இருக்குதுங்க என்றார். லாரியில் காய் ஏற்றுகிற நேரத்தில் கம்ப்யூட்டரை யார் பார்ப்பது? நீ கூப்பிட்டால் காதில் விழுகிறது. அதனால் அப்படியே விட்டுவிட்டோம்.

முன்பெல்லாம் கடைக்காரர்கள் நாள் முழுக்க ஆர்டர் பக்கத்தையே திறந்து வைத்திருப்பார்கள். இப்போது சரக்கு இருப்பையும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். திரும்பி வரும்போதெல்லாம் ஆர்டர் வருகிறதா என்று கேட்க ஆர்டர் பகுதி புதிதாக ஒரு காதை வைக்கிறது, பழைய காதை எடுப்பதில்லை. ஒரு ஆர்டர் வந்தால் எல்லாக் காதுகளும் கேட்டுவிட்டு, எல்லாம் உன் குரலில் கூப்பிடுகின்றன.

"ஏனுங்க அம்மணி, அந்தப் புள்ள ஒரே சமயத்துல நாலஞ்சு பேராட்டம் கத்துதுங்க. காய் ஏத்தற பசங்க உழுந்து உழுந்து சிரிக்கறானுங்க" என்றார் ராமசாமி அண்ணன். என் மேசையில் அதேபோல் செய்து பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக உன் குரல்கள். பிரபு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான், வெகுநேரம் திரும்பி வரவில்லை.

சரிசெய்ய இரண்டு வரி போதும், கண்ணு. ஆனால் அந்தக் காதை வைக்கிற வரிக்கு மேலே உன் பெயர் இருக்கிறதே? போட்டவள்தான் எடுக்க வேண்டும் என்றாயே, அவள் எங்கே? மீட்டிங்கில் இந்தப் பேச்சு வந்தாலே ஆளுக்கு ஒரு பக்கம் பார்க்கிறார்கள். நானும்தான்.

போன வாரம் பிரபு மெதுவாகச் சொன்னான். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. பாலக்காட்டுக் கடைங்களும் நம்மகிட்ட வருதுங்க. அவங்க மலையாளம் பேசறவங்க, நம்ம பேச்சு சரியாப் புரியாதுங்க. மணிச் சத்தமே வெச்சரலாங்க." சண்டைக்குப் போகலாம் என்றால் அவன் சொல்வதில் தப்பே இல்லை. வருகிற திங்கட்கிழமை மாற்றுவதாக முடிவாகிவிட்டது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது, நீயே சொல்லேன்?

ராமசாமி அண்ணனுக்குப் போன் செய்து, மணி வைத்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். எதற்குக் கேட்டேனோ. "மணிங்களா? வைங்க, என்ன பண்றதுங்க. இருந்தாலும் அந்தப் புள்ள கூப்பிட்டாத்தான் பசங்க ஓடுவானுங்க" என்றவர், போனை வைக்கப் போகும்போது கேட்டார். "ஏனுங்க, அந்தப் புள்ள நல்லா இருக்குதுங்களா?"

நல்லா இருக்குதுங்க என்று என் வாய் சொல்லிவிட்டது.

நேற்று அந்த இரண்டு வரியை எழுதினேன். உன் பெயரை அழிக்கவில்லை, அதற்குக் கீழே என் பெயரைச் சேர்த்தேன். சரக்குப் பக்கம் போய்ப் போய்த் திரும்பி வந்து, பொய்யாக ஒரு ஆர்டர் அனுப்பினேன். ஒரே ஒரு முறை கூப்பிட்டாய், எப்போதும்போல அவசரமாக. அதற்குப் பிறகு சத்தமில்லை. வேலை சரியாக முடிந்தது என்று சந்தோஷப்பட வேண்டியவள், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை உன் குரலை எடுக்கும்போது வேறு யார் கையும் அதில் படாது, நானே எடுக்கிறேன். மணி ஒலித்ததும் ராமசாமி அண்ணன் கட்டாயம் போன் செய்வார், அந்தப் புள்ளைய எங்கீங்க காணோம் என்று கேட்பார். இந்தத் தடவை அவரிடம் பொய் சொல்லமாட்டேன், கண்ணு.

கூடப் பிறக்காவிட்டாலும்,
உன் சுமதி அக்கா